சிம்பொனி ஸ்கோர் வாங்கும்போது எந்தப் பதிப்பை நம்புவது?

பீத்தோவனின் ஐந்தாவது, ஒன்பதாவது, பிராம்ஸின் நான்கு சிம்பொனிகள், புருக்னரின் எட்டாவது, இவற்றின் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் சுரங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் புத்தகம்) வாங்கி, ரெக்கார்டிங்கைக் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுப் பதிப்பு விற்கிறார்கள், விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது, எந்தப் பதிப்பகத்தை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிப்பகத்தின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பதிப்பகம் ஒரு சிம்பொனிக்கு அருமையான ஸ்கோரும், அடுத்ததற்கு நூறு வருடப் பழைய தவறுகளோடு ஒன்றும் அதே அட்டை டிசைனில் விற்கும். கையில் இருக்கும் இந்த ஒரு ஸ்கோரை யார், எப்போது, எந்த மூலங்களைப் பார்த்துத் தயாரித்தார் என்பதுதான் கேள்வி. அதோடு, இந்தக் கவலை எல்லா இசையமைப்பாளருக்கும் ஒரே அளவில் தேவையும் இல்லை. பிராம்ஸுக்கு மலிவுப் பதிப்பு தாராளமாகப் போதும். புருக்னருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறு வேறாக இருக்கும், நீங்கள்தான் எங்கேயோ தவறவிட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

அச்சான ஸ்கோரில் எப்படித் தவறு வரும் என்று தோன்றலாம், இசையமைப்பாளரே எழுதிக் கொடுத்தது தானே. உ.வே.சா. பதிப்புகளில் பாடபேதங்களைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது சட்டென்று புரியும், ஏட்டுக்கு ஏடு பாடம் மாறுகிற அதே கதைதான் இங்கேயும். இசையமைப்பாளரின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கும். அதைப் பார்த்து ஒரு நகலெடுப்பவர் எழுதிய பிரதி ஒன்று, அதில் இசையமைப்பாளர் செய்த திருத்தங்கள், முதல் கச்சேரிக்கு வாசித்தவர்களின் பார்ட்டுகள் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியாக எழுதிய தாள்கள்), பதிப்பகத்தின் உலோகத் தகட்டில் செதுக்கி அச்சடித்த முதல் பதிப்பு, அதற்குப் பிறகு வந்த பிழைதிருத்தக் கடிதங்கள் என்று வரிசையாகப் போகும். கையெழுத்துப் பிரதியே கடைசி வார்த்தை என்று சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் அவரே பிறகு ப்ரூஃபில் மாற்றியிருப்பார், அந்த ப்ரூஃப் தாள்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. பீத்தோவன் காலத்தில் முதலில் பார்ட்டுகள்தான் அச்சாகும், முழு ஸ்கோர் பிறகு வந்தால் வரும். ஐந்தாவது சிம்பொனியின் பார்ட்டுகளை லைப்சிக்கின் பிரைட்காஃப் உண்ட் ஹார்ட்டெல் 1809-இல் வெளியிட்டது, முழு ஸ்கோர் அச்சில் வந்தது 1826-இல். அடுத்த வருடம் பீத்தோவன் இறந்துவிட்டார்.

அந்த ஐந்தாவது சிம்பொனியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மூன்றாவது மூவ்மென்ட்டில் (சிம்பொனியின் ஒவ்வொரு பெரிய பகுதியும் ஒரு மூவ்மென்ட்), நடுப்பகுதி முடிந்து ஆரம்பத் தீம் மெல்லிய ஒலியில் திரும்பி வரும் இடத்தில், இரண்டு பார் (தாள அளவு, நம் ஆவர்த்தனம் மாதிரி) கூடுதலாக அச்சாகிவிட்டது. முதலில் அந்த மூவ்மென்ட்டில் ஒரு பெரிய ரிப்பீட் வைக்க பீத்தோவன் நினைத்திருந்தார், அதற்காக முதல் முடிவு, இரண்டாவது முடிவு என்று இரண்டு விதமாக எழுதியிருந்தார். பிறகு ரிப்பீட் வேண்டாம் என்று ஆனது, ஆனால் அச்சில் இரண்டு முடிவும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. 1810 ஆகஸ்டில் பீத்தோவனே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி அந்த இரண்டு பாரையும் நீக்கச் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1846-இல் மெண்டல்சன் அந்த சிம்பொனியை நடத்திய சமயத்தில் விஷயம் வெளியே வந்தது, அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பார் ஒழிந்தது. இசையமைப்பாளர் உயிரோடு இருந்து, கைப்பட எழுதிக் கேட்டும் இத்தனை காலம் ஆனது என்றால், யாரும் எழுதிக் கேட்காத பிழைகள் எத்தனை காலம் அப்படியே கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதை அதோடும் முடியவில்லை. அந்தப் பெரிய ரிப்பீட்டே பீத்தோவன் மனதில் இருந்தது என்று வாதாடி, அதைத் திரும்பச் சேர்த்து பீட்டர் குல்கே 1970களின் பிற்பகுதியில் பீட்டர்ஸ் பதிப்பகத்துக்கு ஒரு பதிப்பு தயாரித்தார், பீத்தோவன் சிம்பொனிகளைப் பிறகு புதிதாகப் பதிப்பித்த ஜோனதன் டெல் மார் அதை ஏற்கவில்லை. இரண்டு பேருமே மூலங்களைக் கரைத்துக் குடித்தவர்கள். நல்ல பதிப்பு என்றால் சர்ச்சையே இல்லாத பதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், எங்கே சர்ச்சை இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லும் பதிப்புதான் நல்லது.

ஒன்பதாவதுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசித்தது 1860களில் பிரைட்காஃப் கொண்டுவந்த பீத்தோவன் முழுத்தொகுப்பின் பாடம்தான். நீங்கள் பார்க்கும் பழைய மினியேச்சர் ஸ்கோர்களில் பாதிக்கு மேல் அதன் வாரிசுகள். 1996-இல் டெல் மார் தயாரித்த ஒன்பதாவது பேரன்ரைட்டர் என்ற ஜெர்மன் பதிப்பகத்தில் வந்தது, 2000-க்குள் ஒன்பது சிம்பொனிகளையும் முடித்துவிட்டார். அதில் என்ன மாறியது என்று கேட்டால் இரண்டு இடம் சொல்கிறேன், நீங்களே கேட்டுப் பார்க்கலாம். முதல் மூவ்மென்ட் 81-ஆவது பாரில் ஃபுளூட்டும் ஓபோவும் வாசிக்கும் ஒரு நோட் பழைய தொகுப்பில் பி ஃபிளாட், மூலங்களில் டி. கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த டி முதலில் ஏதோ போலத்தான் இருக்கும். இன்னொன்று கடைசி மூவ்மென்ட்டில், ஆர்க்கெஸ்ட்ராவின் நீண்ட ஃப்யூக் (ஒரே தீமை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும் பகுதி) அடங்கி, கோரஸ் முழுக்குரலில் வெடிப்பதற்கு முன்னால், ஹார்ன்கள் மட்டும் ஒரே நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம். பழைய அச்சில் அந்தத் தாளம் ஒழுங்காக, ஒரே மாதிரி வரும். பீத்தோவன் எழுதியதில் டை (இரண்டு நோட்டை ஒன்றாக நீட்டும் வளைகோடு) போடும் இடங்கள் ஒழுங்கில்லாமல் தடுமாறிக்கொண்டே போகும். யாரோ ஒருவர் இது பிழையாகத்தான் இருக்கும் என்று நினைத்து நல்லெண்ணத்தில் சரிசெய்திருக்கிறார். இந்த வகைத் தவறுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் பார்வைக்கு உறுத்தாது.

சரி, ஒரு ஸ்கோரைக் கையில் எடுத்தால் என்ன பார்ப்பது? அட்டையில் உர்டெக்ஸ்ட், அதாவது இசையமைப்பாளரின் மூலபாடம், என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்கச் சட்டம் எதுவும் கிடையாது. உள்ளே பதிப்பாசிரியர் பெயர் இருக்கிறதா, எந்தெந்தக் கையெழுத்துப் பிரதி, எந்த நூலகம் என்று மூலங்களின் விவரம் இருக்கிறதா, முரண்படும் இடங்களில் எதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பார் எண்ணோடு குறிப்பு இருக்கிறதா, பதிப்பாசிரியர் தானாகச் சேர்த்த ஸ்லர் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு), டைனமிக் (சத்த அளவு) குறிகளை அடைப்புக்குறியிலோ புள்ளிக்கோட்டிலோ பிரித்துக் காட்டியிருக்கிறாரா, இதெல்லாம் இருந்தால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்பலாம். குறிப்புகள் தனிப் புத்தகமாக விற்கப்படுவதும் உண்டு, டெல் மாரின் பீத்தோவன் அப்படித்தான். அந்தக் குறிப்புப் புத்தகம் இல்லாமலே ஸ்டடி ஸ்கோரை (படிப்பதற்கான சின்ன அளவு ஸ்கோரை) வாங்கலாம், அது இருக்கிறது என்பதே பாதி உத்தரவாதம்.

அடுத்து வருடம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உள்பக்கத்தில் 1998 என்று இருக்கும், ஆனால் அது மறுபதிப்பு வருடம், உள்ளே இருக்கும் தகடுகள் 1880-இல் செதுக்கியவையாக இருக்கலாம். மலிவு மறுபதிப்பு விற்கும் டோவர் இந்த விஷயத்தில் நாணயமான கம்பெனி, தலைப்புப் பக்கத்தின் பின்னால் இது எந்தப் பழைய பதிப்பின் மறுபதிப்பு என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அதைப் படித்தால்தான் தெரியும், அவர்களுடைய பீத்தோவன் சிம்பொனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு லித்தோல்ஃப் பதிப்பு, ஷூபர்ட் சிம்பொனிகள் பிராம்ஸ் சரிபார்த்த 1880கள் தொகுப்பு என்று. கால்மஸ் என்ற இன்னொரு மறுபதிப்பு கம்பெனியின் பழைய மினியேச்சர்களில் அந்த விவரமே பல சமயம் இருக்காது. அப்போது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பிளேட் எண்ணைப் பாருங்கள், அதை வைத்து இது எந்தப் பதிப்பகத்தின் எந்தத் தகடு என்று ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இலவச ஸ்கோர் தளத்தில் பொருத்திப் பார்த்துவிடலாம். இப்போது ஆன்லைனில் விற்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் புத்தகங்களில் அந்த எண்ணையே அழித்துவிட்டு, பளபள அட்டை போட்டு, இலவச ஸ்கேனை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பதிப்பாசிரியர் பெயரும் மூலமும் இல்லாத ஸ்கோருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

இனி எங்கே காசைச் சேமிக்கலாம் என்று பார்ப்போம். பிராம்ஸ் தன் ப்ரூஃபுகளைத் தானே கவனமாகப் பார்த்தவர். அவர் இறந்தபின் 1926-27-இல் ஹான்ஸ் கால் ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளைப் பதிப்பித்தபோது, பிராம்ஸ் தன் திருத்தங்களைக் குறித்து வைத்திருந்த சொந்தப் பிரதிகளும் வியன்னாவில் இருந்தன. டோவர் விற்கும் பிராம்ஸ் சிம்பொனிகள் அந்தப் பதிப்புதான். ஹென்லே பதிப்பகத்தின் புதிய பிராம்ஸ் தொகுப்பு இன்னும் துல்லியம், முதல் சிம்பொனியை ராபர்ட் பாஸ்கல் 1996-இல் பதிப்பித்தார், நீங்கள் கண்டக்டர் என்றால் அது வேண்டும். கேட்டுக்கொண்டே படிக்க டோவர் போதும், நான்கும் ஒரே புத்தகத்தில் வரும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் டோன் போயம்களும் (கதை சொல்லும் ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகள்) அப்படியே, கடைந்தெடுத்த ஆர்க்கெஸ்ட்ரா ஆசாமி, அவர் காலத்திலேயே வந்த அச்சின் மறுபதிப்புகள் பெரிதாக ஏமாற்றாது. மோட்சார்ட்டுக்குக் காசே வேண்டாம், 1955-இல் தொடங்கிய புதிய மோட்சார்ட் தொகுப்பு முழுவதையும் சால்ஸ்பர்க்கின் மோட்சார்ட்டெயம் அறக்கட்டளை 2006 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டென்மார்க்கின் கார்ல் நீல்சன் தொகுப்பும் இலவசம். ஹைடன் என்றால் ராபின்ஸ் லாண்டன் 1960களில் கொண்டுவந்த பாக்கெட் ஸ்கோர் தொகுதிகள் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஷூபர்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அவர் ஆக்சென்ட் (அழுத்தி வாசி) குறியை நீளமாக இழுத்து எழுதுவார், அது டிமினுயெண்டோவா (சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போ) ஆக்சென்டா என்று பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. பழைய பதிப்புகள் சகட்டுமேனிக்கு டிமினுயெண்டோ என்று படித்துவிட்டன, விளைவாக ஓங்கி விழ வேண்டிய கடைசி நோட் தேய்ந்து மறைகிறது. பெரிய சி மேஜர் சிம்பொனியின் தொடக்கத்தில் கையெழுத்துப் பிரதியில் இருப்பது வெட்டுப்போட்ட சி என்ற தாளக்குறி (பாருக்கு இரண்டு அடி), பழைய அச்சில் வெறும் சி (நான்கு அடி). ஒரே ஒரு கோடுதான், ஆனால் அந்த அறிமுகத்தை எந்த வேகத்தில் வாசிப்பது என்பதே அதனால் மாறுகிறது. பழைய ரெக்கார்டிங்குகளில் அது பிரார்த்தனை மாதிரி நகர்வதற்கும் புதியவற்றில் நடைபோடுவதற்கும் அது ஒரு முக்கியமான காரணம். பெர்லியோஸ் இன்னும் மோசம். 1900-இல் தொடங்கி மால்ஹெர்பும் வைன்கார்ட்னரும் கொண்டுவந்த தொகுப்பு, அவர் எழுதியதைத் தங்கள் காலத்து ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராவின் வழக்கத்துக்கு ஏற்ப ஆங்காங்கே மாற்றியிருக்கிறது, மலிவு மறுபதிப்புகள் அதிலிருந்துதான். ஃபான்டாஸ்டிக் சிம்பொனி வாங்கினால் பேரன்ரைட்டரின் புதிய பெர்லியோஸ் தொகுப்பிலிருந்து வந்ததை வாங்குங்கள்.

புருக்னருக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதில் உண்மையான தலைவலி இதுதான். எட்டாவது சிம்பொனியை அவர் 1887-இல் முடித்து ஹெர்மன் லெவி என்ற கண்டக்டருக்கு அனுப்பினார், லெவி புரியவில்லை என்று திருப்பிவிட்டார், மனிதர் நொந்துபோய் 1890 வரை உட்கார்ந்து திருத்தினார். 1892-இல் முதல் அச்சு வந்தபோது மாணவர்களும் நண்பர்களும் அதிலும் கை வைத்தார்கள். பிறகு ராபர்ட் ஹாஸ் 1939-இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார், 1890 பாடத்தை எடுத்துக்கொண்டு, வற்புறுத்தலால் வெட்டப்பட்டவை என்று தான் கருதிய சில பகுதிகளை 1887-இலிருந்து திரும்ப ஒட்டினார். லியோபோல்ட் நோவாக் அந்தக் கலவை கூடாது என்று 1955-இல் 1890-ஐத் தனியாகவும், 1972-இல் 1887-ஐத் தனியாகவும் வெளியிட்டார். பதிப்பு நெறிப்படி பார்த்தால் நோவாக் சொல்வதுதான் நியாயம், புருக்னர் ஒருபோதும் எழுதாத ஒரு மூன்றாவது வடிவத்தை ஹாஸ் உருவாக்கிவிட்டார். ஆனால் கேட்டுப் பார்த்தால் மெதுவான மூவ்மென்ட்டான அடாஜியோவிலும் கடைசி மூவ்மென்ட்டிலும் ஹாஸ் ஒட்டிய பகுதிகள் அவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன, கண்டக்டர்கள் கராயானும் குந்தர் வாண்டும் அதையே வாசித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆகவே ரெக்கார்டிங்கை முதலில் முடிவு செய்யுங்கள். கராயான், வாண்ட் என்றால் ஹாஸ் ஸ்கோர். யோஹும், ஜூலினி என்றால் நோவாக் 1890. இன்பால் 1982-இல் பதிவு செய்தது 1887 வடிவம், அதை ஹாஸ் ஸ்கோரோடு வைத்துக்கொண்டால் முதல் மூவ்மென்ட்டின் முடிவிலேயே திண்டாடுவீர்கள், ஸ்கோரில் இசை மெல்ல அணைந்துகொண்டிருக்கும், ஸ்பீக்கரில் ஆர்க்கெஸ்ட்ரா முழுச் சத்தத்தில் முழங்கிக்கொண்டிருக்கும். ஏழாவது சிம்பொனியில் இந்தச் சண்டை ஒரே ஒரு அடியில் இருக்கிறது, அடாஜியோவின் உச்சத்தில் சிம்பல் உண்டா இல்லையா என்று. கையெழுத்துப் பிரதியில் அந்த அடி தனித்தாளில் ஒட்டியிருக்கிறது, அதன்மேல் யாரோ 'செல்லாது' என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறார்கள். ஹாஸ் எடுத்துவிட்டார், நோவாக் வைத்திருக்கிறார்.

மாலரை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புருக்னருக்கு அடுத்து எல்லோரும் அங்கேதான் போவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஆறாவது சிம்பொனி 1906-இல் அச்சானபோது ஷெர்ட்ஸோ (துள்ளலான மூவ்மென்ட்) இரண்டாவது, ஆண்டான்டே (மெதுவானது) மூன்றாவது. அதே வருடம் மே மாதம் எஸ்ஸனில் முதல் கச்சேரி நடத்தும்போது மாலர் வரிசையை மாற்றினார், கடைசி மூவ்மென்ட்டில் வரும் மூன்று சுத்தியல் அடிகளில் மூன்றாவதையும் பிறகு நீக்கினார். 1963-இல் எர்வின் ராட்ஸ் பதிப்பு வரிசையைப் பழையபடி ஆக்கியது, 2003-இல் மாலர் சங்கம் ஆண்டான்டேதான் ஷெர்ட்ஸோவுக்கு முன்னால் என்று திரும்ப அறிவித்தது. மாலர் அச்சான பிறகும் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தவர், அதனால் அவருடைய முதல் பதிப்பின் மலிவு மறுபதிப்பு என்பது அவரே பிறகு கைவிட்ட பாடம்.

ஸ்கோரில் ஒன்று, காதில் ஒன்று என்று வரும்போதெல்லாம் பதிப்பைத் திட்டிவிடவும் வேண்டாம். ஐந்தாவதின் முதல் மூவ்மென்ட்டில் இரண்டாவது தீமுக்கு முன் ஹார்ன்கள் முழங்கும், பிற்பாதியில் அதே இடத்தை பீத்தோவன் பஸூன்களுக்குக் கொடுத்திருக்கிறார். பல பழைய ரெக்கார்டிங்குகளில் அங்கேயும் ஹார்ன்தான் கேட்கும், அது கண்டக்டரின் கைவேலை. டேவிட் ஜின்மன் சூரிச்சில் பதிவு செய்த பீத்தோவன் தொகுப்பு பேரன்ரைட்டர் பாடம் என்று விளம்பரம் செய்யப்பட்டது, ஆனால் அதில் வரும் சில அலங்காரங்களை ஸ்கோரில் தேடினால் கிடைக்காது, அவர் சேர்த்தது.

இலவச ஸ்கேன்கள் பற்றி. 2006-இல் எட்வர்ட் குவோ தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. இல்லாமல் இன்று யாரும் படிக்க முடியாது, நானும் தினமும் அதில்தான் கிடக்கிறேன். பழைய பதிப்புகள் என்பது ஒரு குறை, இன்னொரு குறை யாரும் சொல்வதில்லை: கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யும்போது தாளில் உள்ள தூசி ஸ்டக்காட்டோ (வெட்டி வாசி) புள்ளியாகத் தெரியும், உண்மையான புள்ளி சில சமயம் காணாமல் போகும். சந்தேகம் வந்தால் அதே பக்கத்தை இன்னொரு ஸ்கேனில் பாருங்கள். காப்புரிமை நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்து 60 வருடம் என்பதால் ராவெலும் ஸ்ட்ராஸும் இங்கே பிரச்சினை இல்லை, 1971-இல் இறந்த ஸ்ட்ராவின்ஸ்கிக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.

உங்கள் பட்டியலுக்கு நான் வாங்குவது இப்படி: பீத்தோவனுக்கு டெல் மாரின் ஸ்டடி ஸ்கோர், ஒன்பதும் சேர்ந்த பெட்டியாகவும் வருகிறது, தனித்தனியாக வாங்குவதை விட அது லாபமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிராம்ஸுக்கு டோவர். புருக்னர் எட்டாவதுக்கு, கையில் எந்த ரெக்கார்டிங்கும் இல்லை என்றால், நோவாக் 1890-இல் தொடங்குங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் பக்க அளவைப் பாருங்கள். புருக்னரில் வாக்னர் டூபா என்ற பித்தளை வாத்தியத்தோடு ஒரு பக்கத்துக்கு இருபதுக்கு மேல் வரி ஓடும், மினியேச்சர் அளவில் வாங்கினால் நாற்பது வயதுக்கு மேல் பூதக்கண்ணாடி தேவைப்படும். பீத்தோவனுக்குச் சின்ன அளவே சௌகரியம், பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கூடப் படிக்கலாம்.